சிந்தெட்டேஸ் என்பது எது, எது அல்ல: தேயிலைச் செடியை வைத்து ஓர் எளிய விளக்கம்

50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. உரம் போட்டு, மழையும் பெய்து, சில வாரம் போனால் இலை கரும்பச்சையாவதையும் கொழுந்து கூடுவதையும் மலையில் வேலை செய்கிற எவரும் பார்த்திருப்பார். மண்ணில் விழுந்த அந்த வெள்ளை மணி எப்படி இலையாகிறது என்று கேட்டால், "வேர் உறிஞ்சுது, செடி வளருது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். உறிஞ்சிய நைதரசன் தானாக இலையாவதில்லை. அதைப் பிடித்து இன்னொரு மூலக்கூறில் கட்டிவைக்க ஒரு நொதியம் வேண்டும். அதன் பெயர் குளுட்டமின் சிந்தெட்டேஸ்.

சிந்தெட்டேஸ் என்ற சொல் உயர்தர உயிரியல் வகுப்பில் வருகிறது, களைநாசினி பற்றிய பேச்சில் வருகிறது, சில வேளை இரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் வருகிறது. ஆனால் பெரும்பாலும் இரண்டு பிழைகளோடுதான் விளங்கிக்கொள்ளப்படுகிறது. "எதையாவது தொகுக்கிற நொதியமெல்லாம் சிந்தெட்டேஸ்" என்பது முதல் பிழை. "ஏ.டி.பி. எரிந்து சக்தி கொடுக்கிறது, அதை வைத்து நொதியம் வேலை செய்கிறது" என்பது இரண்டாவது (ஏ.டி.பி. என்பது கலத்துக்குள் இருக்கும் ஒரு சிறு மூலக்கூறு, அதைப் பின்னால் பார்ப்போம்). இரண்டாவதுதான் ஆழமான பிழை. ஏனென்றால் அது கேட்பதற்குச் சரியாகவே இருக்கும்.

## நொதியத்தால் முடிந்ததும் முடியாததும்

நொதியம் என்பது உயிர்க்கலத்துக்குள் நடக்கும் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள். பெரும்பாலும் அது ஒரு புரதம். வேலை முடிந்த பிறகு தான் மாறாமல் அடுத்த வேலைக்குப் போகும். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாட்டிய கொழுந்தை உருட்டி அரைத்துப் பரப்பிவைத்தால் பச்சை நிறம் செம்பாகிறது. இலைக்குள் பிரிந்து கிடந்த பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியம், கலங்கள் நசுங்கியதும் இலைச்சாற்றோடு கலந்து ஒட்சிசனைப் பிடிக்கிற வேலை அது. சூளையில் சூடு ஏற்றியதும் அந்த நொதியம் செயலிழந்து நிறமாற்றம் நிற்கிறது.

இந்த நொதியம் செய்வது இறக்கத்தில் போகிற வேலை. ஒட்சியேற்றம் தானாகவே நடக்கக்கூடியது, நொதியம் அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. ஏற்றத்தில் போகவேண்டிய தாக்கம் என்றால் கதை வேறு. எந்த நொதியமும் பாதையைத்தான் சீராக்கும், மேட்டைப் பள்ளமாக்காது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு எவ்வளவு நல்ல காபெட் றோடு போட்டாலும் லொறி தானாக மேலே உருண்டு போகாது.

உயிர்க்கலத்தில் சிறியதைச் சேர்த்துப் பெரியதைக் கட்டுகிற வேலைகள் அநேகமாக ஏற்றத்தில்தான் இருக்கின்றன. அமினோ அமிலத்தைப் புரதமாக்குவது, கொழுப்பமிலத்தைக் கொழுப்பாக்குவது, அமோனியாவை யூரியாவாக்குவது எல்லாமே மேட்டு வேலை. அதற்கு வெறும் ஊக்கி போதாது. யாரோ இழுக்க வேண்டும்.

## கம்பியில் இறங்கும் மூட்டை

செங்குத்தான மலைகளில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டி ஸ்டோர்ப் பக்கம் இறக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இருந்தது. அப்படி ஒரு கம்பியின் உச்சியில் ஒரு கப்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கயிற்றின் ஒரு நுனியில் நிறைந்த மூட்டை, மறு நுனியில் கீழே நிற்கும் வெறும் கூடைகள். மூட்டை இறங்க, கூடைகள் ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியது கயிறு. கயிறு இல்லாமல் மூட்டையை மட்டும் இறக்கினால் அது சத்தத்தோடு கீழே போய் விழும், கூடை இருந்த இடத்திலேயே இருக்கும். இறக்கத்தின் பலம் வீணாகிவிடும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால்தான் ஒன்றின் இறக்கம் மற்றதன் ஏற்றமாகும்.

கலத்தில் இறங்கும் மூட்டை ஏ.டி.பி. அது மூன்று பொஸ்பேட் கூட்டங்களை வரிசையாகச் சுமந்து நிற்கும் ஒரு சிறு மூலக்கூறு. கடைசிப் பொஸ்பேட் கழன்றால் மிஞ்சுவது அதன் இரு பொஸ்பேட் வடிவம். சிந்தெட்டேஸ் என்பது கயிறும் கப்பியும். ஏ.டி.பி.யின் உடைவையும் இரண்டு மூலக்கூறுகளின் சேர்க்கையையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கட்டுகிற நொதியம் அது.

கணக்கையும் பார்த்துவிடலாம். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஓர் அளவு. குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தோடு அமோனியாவைச் சேர்த்துக் குளுட்டமின் ஆக்க, நியம நிலையில் ஒரு மோலுக்கு 14.2 கிலோயூல் ஏற்றம் இருக்கிறது. ஏ.டி.பி.யின் கடைசிப் பொஸ்பேட் நீரால் கழலும்போது 30.5 கிலோயூல் இறக்கம். இரண்டையும் கட்டினால் மிச்சம் 16.3 கிலோயூல் இறக்கம். தனியே நடக்காத வேலை இப்போது தங்குதடையின்றி நடக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவு: நொதியம் வேகத்தைக் கூட்டும், ஏற்றத்தை இறக்கமாக்காது. சிந்தெட்டேஸ் ஏற்ற வேலை ஒன்றை ஏ.டி.பி.யின் இறக்கத்தோடு கட்டிவிடுகிறது.

## கயிறு எங்கே இருக்கிறது

கம்பி உவமை இதோடு நின்றால் பழைய பிழைக்கே திரும்பிப் போவோம். ஏ.டி.பி. எங்கோ உடைந்து, வெளிவந்த சக்தி காற்றில் மிதந்து வந்து குளுட்டமினைக் கட்டியது என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. கலத்துக்குள் ஏ.டி.பி. சும்மா உடைந்தால் கொஞ்சம் சூடு மட்டும்தான் மிஞ்சும். கயிறு என்று நாம் சொன்னது உண்மையில் ஒரு பொருள். அது ஏ.டி.பி.யிலிருந்து கழன்று குளுட்டமேட்டில் ஒட்டிக்கொள்ளும் பொஸ்பேட்.

குளுட்டமின் சிந்தெட்டேஸைக் கிட்ட இருந்து பார்ப்போம். தாவரங்களில் இது பத்துத் துண்டுகள் சேர்ந்த புரதம். ஐந்து ஐந்தாக இரண்டு வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்று. பல பற்றீரியாக்களில் ஆறு ஆறாகப் பன்னிரண்டு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சந்திக்கும் இடுக்கில்தான் வேலை நடக்கும் குழி இருக்கிறது. நொதியத்தில் தாக்கம் நடக்கும் இந்த இடத்துக்கு உயிர்ப்பு மையம் என்று பெயர். அது இரண்டு புனல்களை அடியோடு அடி சேர்த்துவைத்த மாதிரி இருக்கும். ஒரு வாயால் ஏ.டி.பி. வருகிறது, எதிர் வாயால் குளுட்டமேட் வருகிறது.

வேலையின் ஒழுங்கு இப்படி. முதலில் ஏ.டி.பி. மகனீசியத்தோடு சேர்ந்து வந்து உட்காருகிறது. மகனீசியம் இல்லாவிட்டால் பொஸ்பேட்டுகளின் எதிர் மின்னேற்றம் அடங்காது, ஏ.டி.பி. சரியான நிலையில் பொருந்தாது. அடுத்து குளுட்டமேட் உள்ளே வருகிறது. அதன் பக்கவாட்டு நுனியில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் உண்டு. நைதரசன் வந்து அமர வேண்டிய இடத்தை அதில் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, சும்மா கேட்டால் எழும்பாது. ஏ.டி.பி.யின் கடைசிப் பொஸ்பேட் அந்த ஒட்சிசனில் போய் ஒட்டுகிறது. இப்போது அது கழலத் தயாரான நுனி. பின்னர் அமோனியம் உள்ளே வந்து, ஒரு புரோத்தனை விட்டு அமோனியாவாகி, அந்த இடத்தைத் தாக்குகிறது. பொஸ்பேட் அந்த ஒட்சிசனையும் கூட்டிக்கொண்டு வெளியேற, நைதரசன் இடம்பிடிக்கிறது. குளுட்டமின் தயார்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு இந்த நொதியத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான். பொஸ்பேட் ஒட்டிய குளுட்டமேட்டுக்குத் தண்ணீர் பட்டால் பொஸ்பேட் உடனே கழன்று பழையபடி குளுட்டமேட்டாகிவிடும், ஒரு ஏ.டி.பி. வீண். கலமோ தண்ணீர் நிறைந்த இடம். ஆகவே பொஸ்பேட் ஒட்டியதும் புரதத்தின் ஒரு வளைவு, கதவு சாத்துவது போல, குளுட்டமேட் வந்த வாயை மூடிக்கொள்கிறது. அமோனியா சேர்ந்து வேலை முடிந்த பிறகே திறக்கிறது.

ஆக, ஏ.டி.பி. விறகு அல்ல. அது தன் துண்டொன்றைக் கொடுத்து இன்னொரு மூலக்கூறைத் தாக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. கூலி பணமாக எங்கோ கொடுக்கப்படவில்லை, வேலை செய்யும் பொருளின் மேலேயே வைத்துக் கொடுக்கப்படுகிறது.

செலவு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு நைதரசனுக்கு ஒரு ஏ.டி.பி. 23 கிலோ நைதரசன் ஏறத்தாழ 1,640 மோல். ஒரு மோல் ஏ.டி.பி.யின் எடை 507 கிராம். ஒரு மூட்டை யூரியாவின் நைதரசன் முழுவதும் செடிக்குள் போய்க் குளுட்டமினாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 830 கிலோ ஏ.டி.பி. செலவாகும். எந்தச் செடியிலும் அவ்வளவு ஏ.டி.பி. சேமித்துவைக்கப்பட்டிருக்காது. உடைந்தது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. இலையின் பச்சையவுருமணியும் வேரின் இழைமணியும் அதைச் செய்கின்றன. சூரிய ஒளியும் சுவாசமும் நின்றால் போட்ட உரத்துக்குப் பொருளில்லை.

## பெயரில் வரும் குழப்பம்

சிந்தேஸ், சிந்தெட்டேஸ். நடுவில் ஒரு "எட்" சத்தம்தான் வித்தியாசம், ஆனால் பொருளில் நிறைய வித்தியாசம் உண்டு.

நொதியங்களை வகுப்புப் பிரிக்கும் சர்வதேச முறை 1961இல் ஆறு வகுப்புகளோடு வந்தது. 2018இல் ஏழாவது சேர்ந்தது. ஆறாவது வகுப்பின் பெயர் லைகேஸ், அதாவது கட்டுபவை. ஏ.டி.பி. போன்ற முப்பொஸ்பேட் ஒன்றை உடைத்து அதோடு சேர்த்து இரண்டு மூலக்கூறுகளைக் கட்டும் நொதியங்கள் இவை. சிந்தெட்டேஸ் என்ற பெயர் இந்த வகுப்புக்கே உரியது. சிந்தேஸ் என்பது பொதுப்பெயர். தொகுக்கும் நொதியம் எதற்கும் வைக்கலாம் என்று 1984இல் பெயரிடல் குழு தெளிவுபடுத்தியது.

தேயிலைச் செடி ஒன்றிலேயே இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கோப்பையில் நமக்கு உற்சாகம் தருவது கஃபீன். அதைக் கட்டுவது கஃபீன் சிந்தேஸ். அது மீதைல் கூட்டத்தை இன்னொரு மூலக்கூறிலிருந்து எடுத்து மாற்றி வைக்கிறது, ஏ.டி.பி.யைத் தொடுவதில்லை. கோப்பையில் அந்த மெல்லிய இனிப்புச் சுவையைத் தருவதில் பங்குள்ளது தீயனின். அதைக் கட்டுவது தீயனின் சிந்தெட்டேஸ். அது ஏ.டி.பி.யை உடைத்தே வேலை செய்யும்.

மாணவர்கள் மிகவும் இடறும் இடம் இன்னொன்று. குளுட்டமின் சிந்தெட்டேஸ் கட்டிய குளுட்டமினை அடுத்ததாக வாங்கிக்கொள்ளும் நொதியத்தின் பெயர் குளுட்டமேட் சிந்தேஸ். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முன்னது ஏ.டி.பி. செலவழித்து அமோனியாவைப் பிடிக்கிறது. பின்னது ஏ.டி.பி. இல்லாமல், இலத்திரன் காவிகளின் உதவியால், குளுட்டமினின் நைதரசனை ஒரு காபன் சட்டத்துக்கு மாற்றி இரண்டு குளுட்டமேட் தருகிறது. அதில் ஒன்று திரும்பவும் முதல் நொதியத்துக்குப் போகும், மற்றது செடியின் தேவைக்கு. ஒரு வட்டம் சுற்றினால் ஒரு நைதரசன் இலாபம்.

ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற பெயரும் பலரைக் குழப்புகிறது. அது ஏ.டி.பி.யைச் செலவழிப்பதில்லை, உண்டாக்குகிறது. மென்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரோத்தன்கள் பாயும்போது, லக்சபான நீர்மின் நிலையத்தில் தண்ணீர் விழுந்து சக்கரம் சுழல்வது போல, அதன் ஒரு பகுதி சுழல்கிறது. ஆகவே அது சிந்தெட்டேஸ் அல்ல.

விதி எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். பழைய பெயர்கள் சில ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அஸ்பிரின் தடுக்கும் நொதியத்தைப் பழைய புத்தகங்கள் புரொஸ்டகிளண்டின் சிந்தெட்டேஸ் என்கின்றன, அது ஏ.டி.பி.யைப் பயன்படுத்துவதே இல்லை. கலச் சுவாசத்தின் ஒரு கட்டமான கிரெப்ஸ் வட்டத்தில் வரும் சக்சினைல் கோஎன்சைம் ஏ சிந்தெட்டேஸ் அங்கே முப்பொஸ்பேட்டை உண்டாக்குகிறது. எதிர்த்திசைத் தாக்கத்தை வைத்துப் பெயரிட்டதால் வந்த வினை. பெயரைப் பார்த்ததும் மனனம் செய்ததை ஒப்புவிக்காமல், "இது எதை உடைத்து எதைக் கட்டுகிறது?" என்று தாக்கத்தைப் பார்ப்பதே பாதுகாப்பு.

## வேரில் பிறந்து கோப்பைக்கு வரும் தீயனின்

தீயனின் 1949இல் ஜப்பானில், கியோகுரோ என்ற நிழலில் வளர்த்த பச்சைத் தேயிலையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தேயிலையில் கட்டுப்படாமல் இருக்கும் அமினோ அமிலங்களில் ஏறத்தாழப் பாதி இதுவே. அது பெரும்பாலும் இலையில் பிறப்பதில்லை. வேரில் கட்டப்பட்டு, தண்ணீரை மேலே ஏற்றும் குழாயான காழ் வழியே மேலேறிக் கொழுந்துக்கு வருகிறது.

தீயனின் சிந்தெட்டேஸ் குளுட்டமின் சிந்தெட்டேஸின் நெருங்கிய உறவு. வேலையும் அதே மாதிரி. குளுட்டமேட்டில் பொஸ்பேட் ஒட்டும் வரை ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு அமோனியாவுக்குப் பதிலாக எத்தைலமைன் வந்து சேர்கிறது. எத்தைலமைன் என்பது அமோனியாவுக்கு இரண்டு காபன் வால் முளைத்தது போன்ற சிறு மூலக்கூறு. தேயிலை வேர் அதை அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நிறைய உண்டாக்குகிறது, மற்றத் தாவரங்களில் அது அரிது. குளுட்டமின் சிந்தெட்டேஸ் எல்லாச் செடியிலும் இருந்தும் தீயனின் தேயிலையில் மட்டும் குவிவதற்கு முக்கிய காரணம் இந்தக் கச்சாப்பொருள்தான்.

இலைக்கு வந்த தீயனின் வெயிலில் உடைகிறது. அதிலிருந்து வரும் எத்தைலமைனின் காபன் கட்டேகின்களுக்குப் போகிறது. கட்டேகின் என்பது தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொருள். ஸ்டோரில் செம்பாவதும் அதுவே. ஜப்பானில் பறிப்பதற்கு முன் மூன்று வாரமளவு செடிக்கு நிழல் மூடுவதன் காரணம் இங்கே விளங்கும். வெயிலைக் குறைத்தால் தீயனின் தங்கும், துவர்ப்புக் குறையும். கறுப்புத் தேயிலைக்குக் கட்டேகின் வேண்டும், அதனால் நம் மலைகளில் அந்த அளவு மூடுவதில் பயனில்லை.

## சீட்டுக் கட்டுபவர்: புரதம் பிழையில்லாமல் வருவது எப்படி

இனி வேறொரு சிந்தெட்டேஸ் குடும்பம். உயிருள்ள எல்லாக் கலங்களிலும் இருக்கிறது, முக்கியத்துவத்தில் முதலிடம் இதற்குத்தான்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் கோத்த சங்கிலி. கோக்கும் இடம் இறைபோசோம். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் அங்கே தூக்கி வருவது இடமாற்று ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு. அதன் ஒரு நுனியில் மூன்றெழுத்துக் குறி, மறு நுனியில் அமினோ அமிலம். மூட்டையும் மூட்டையில் கட்டிய பெயர்ச் சீட்டும் மாதிரி.

இறைபோசோம் சீட்டை மட்டுமே வாசிக்கிறது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 1962இல் இது சோதித்துக் காட்டப்பட்டது. சிஸ்டைன் ஏற்றிய இடமாற்று ஆர்.என்.ஏ.யை எடுத்து, சிஸ்டைனை இரசாயன முறையில் அலனினாக மாற்றிவிட்டார்கள். சீட்டு மாறவில்லை. இறைபோசோம் சிஸ்டைன் இருக்க வேண்டிய இடங்களில் அலனினைக் கோத்துவிட்டது. ஆகவே சரியான மூட்டைக்குச் சரியான சீட்டைக் கட்டுபவரிடமே முழுப் பொறுப்பும் இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை அமினோ அசைல் இடமாற்று ஆர்.என்.ஏ. சிந்தெட்டேஸ்கள். பொதுவாக ஓர் அமினோ அமிலத்துக்கு ஒன்று.

இங்கே கூலி கொடுக்கும் முறை கொஞ்சம் வேறு. கடைசிப் பொஸ்பேட்டைத் தனியே கழற்றாமல், ஏ.டி.பி.யின் பின்னிரண்டு பொஸ்பேட்டுகள் ஒன்றாகக் கழல்கின்றன. மிஞ்சிய உடல் அமினோ அமிலத்தில் ஒட்டி அதை ஆயத்தப்படுத்துகிறது. இரண்டாம் படியில் அமினோ அமிலம் ஆர்.என்.ஏ.யின் நுனிக்கு மாறுகிறது. கழன்ற பொஸ்பேட் சோடியை இன்னொரு நொதியம் உடனே இரண்டாக உடைத்துவிடும், அதனால் தாக்கம் பின்னோக்கி வர வழியில்லை. செலவு இரட்டிப்பு, உறுதியும் அப்படியே.

பிழை வரக்கூடிய இடம் ஐசோலியூசினும் வலினும். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும்தான். ஐசோலியூசினுக்கான குழியில் அதைவிடச் சிறிய வலின் தாராளமாக நுழையும். இதை நொதியம் எப்படித் தடுக்கிறது என்பதற்கு ஆலன் ஃபெர்ஷ்ட் 1970களில் சொன்ன விளக்கத்தின் பெயர் இரட்டைச் சல்லடை. ஸ்டோரில் தூள் சலிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் சல்லடையின் கண் அளவுக்கு மிஞ்சியதை மேலேயே நிறுத்திவிடும். கீழே விழுந்ததில் வேண்டியதும் இருக்கும், அதைவிடப் பொடியும் இருக்கும். இரண்டாவது சல்லடையின் கண் இன்னும் சிறியது, பொடி மட்டும் இறங்கும். நொதியத்தின் இரண்டாவது குழி இப்படியே. ஐசோலியூசின் அதில் நுழையாது. வலின் நுழையும், நுழைந்ததும் வெட்டி விடப்படும். இப்படிச் சலித்த பிறகு புரதத்தில் ஐசோலியூசினின் இடத்தில் வலின் வருவது 3,000 தடவையில் ஒரு தடவை என்ற அளவுக்குக் குறைகிறது.

சுருக்கிச் சொன்னால், குளுட்டமின் சிந்தெட்டேஸின் திறமை தண்ணீரை விலக்கிவைப்பது. இந்தக் குடும்பத்தின் திறமை ஆள்மாறாட்டத்தைப் பிடிப்பது. இரண்டிலும் ஏ.டி.பி.யின் ஒரு துண்டு வேலைப்பொருளில் ஒட்டுகிறது.

இந்த நொதியங்களில் ஒன்றைத் தொடும் மருந்து மலையகத்து வீடுகளிலும் இருக்கக்கூடும். அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் வைத்தியர் எழுதிக்கொடுக்கக்கூடிய களிம்புகளில் ஒன்று மியூப்பிரோசின். அது பற்றீரியாவின் ஐசோலியூசின் சிந்தெட்டேஸை அடைத்துவிடும். பற்றீரியாவால் புரதம் கட்ட முடியாமல் போகும். நம் கலத்தின் அதே பெயருள்ள நொதியம் வடிவத்தில் வேறுபட்டதால் மருந்து அதில் சரியாகப் பொருந்தாது. இரத்த அறிக்கையில் "சிந்தெட்டேஸ் எதிர்ப்பொருள்" என்று வந்தால் அதுவும் இந்தக் குடும்பத்தைப் பற்றியதே. உடலின் காவல் அமைப்பு தன் சொந்தச் சிந்தெட்டேஸையே எதிரியாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். தசையிலும் நுரையீரலிலும் அழற்சி வரக்கூடிய நோய் அது, வைத்தியர் மேற்கொண்டு பார்ப்பார். நொதியம் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

## ஈரலில் நடப்பது

மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேஸ் என்ற நொதியம் தண்ணீரால் உடைத்து அமோனியமாக்குகிறது. அது இறக்க வேலை, ஏ.டி.பி. வேண்டாம். அதனால்தான் ஈர மண்ணின் மேற்பரப்பில், உள்ளே இறங்காமல் கிடக்கும் யூரியா வேகமாக உடைந்து அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்விடுகிறது. அதே யூரியாவை நம் ஈரல் எதிர்த்திசையில் கட்ட வேண்டும். உணவுப் புரதத்தின் மிஞ்சிய நைதரசன் அமோனியாவாக இரத்தத்தில் நின்றால் மூளைக்கு நஞ்சு. முதல் படியைச் செய்வது காபமொயில் பொஸ்பேட் சிந்தெட்டேஸ், இரண்டு ஏ.டி.பி. செலவு. அடுத்து வரும் ஆர்ஜினினோசக்சினேட் சிந்தெட்டேஸ் இன்னொன்றைச் செலவழிக்கிறது. முதலாவது நொதியம் பிறவியிலேயே கடுமையாகக் குறைந்த பிள்ளைக்குப் பிறந்து சில நாட்களுக்குள் அமோனியா ஏறி, பால் குடிக்காமல் சோர்ந்து மயக்கநிலைக்குப் போகலாம். அரிதான நோய், ஆனால் தாமதிக்கக்கூடாத ஒன்று.

## மலையில் எங்கே பிழை வருகிறது

முதலாவது கவ்வாத்து. குளுட்டமினைக் கட்ட ஏ.டி.பி. மட்டும் போதாது, நைதரசனைச் சுமக்கக் காபன் சட்டமும் வேண்டும். அது இலை தொகுக்கும் வெல்லத்திலிருந்து வருகிறது. கவ்வாத்து வெட்டிய செடியில் இலை இல்லை, வேரில் சேர்ந்த மாப்பொருளை வைத்தே அது தளிர்க்க வேண்டும். அந்த நேரம் யூரியாவை அள்ளிப் போட்டால் பிடிக்க ஆளில்லாமல் மழையோடு கழுவுண்டு போகும். வெட்டும்போது இலையுள்ள கொப்பு ஒன்றிரண்டை விட்டுவைப்பதன் பயனும் இதுவே.

இரண்டாவது மகனீசியம். முற்றிய இலையில் நடுநரம்பை ஒட்டித் தலைகீழ் "வி" வடிவில் பச்சை மிஞ்ச, ஓரங்கள் மஞ்சளாவது அதன் குறைபாட்டு அடையாளம். மஞ்சளுக்கு நேரடிக் காரணம் பச்சையம் குறைவது. ஆனால் மகனீசியம் குறையும்போது ஏ.டி.பி.யோடு சேர்ந்து உட்கார வேண்டியதும் குறைகிறது, சிந்தெட்டேஸ்களும் தளர்கின்றன. தொலமைட் போடுவது மகனீசியத்துக்கும் மண்ணின் புளிப்பைத் திருத்துவதற்கும். மண்ணின் பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்க வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் கூட்டிப் போட்டு அதைத் தாண்டினால் தேயிலைக்குக் கேடு. பொட்டாசியம் உரம் அளவுக்கு மிஞ்சினாலும் வேர் மகனீசியத்தை எடுப்பது குறையும்.

மூன்றாவது களைநாசினி. இங்கே சிந்தேஸும் சிந்தெட்டேஸும் எதிரெதிரே நிற்கின்றன. கிளைபொசேட் இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்ட களைநாசினி. அது தாக்குவது ஈ.பி.எஸ்.பி. சிந்தேஸ் என்ற நொதியத்தை, அதாவது சில அமினோ அமிலங்களைத் தொகுக்கும் பாதையில் ஒரு படியை. குளுபொசினேட் தாக்குவது நம் குளுட்டமின் சிந்தெட்டேஸை. அது பார்வைக்குக் குளுட்டமேட் மாதிரியே இருக்கும். அதே வாயால் நுழையும், நொதியமும் ஏமாந்து அதில் பொஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு அது வெளியே வராது. கதவு சாத்தியபடியே நிற்கும். அமோனியா கலத்துக்குள் குவியும், ஒளித்தொகுப்பு குலையும், வெயிலில் அந்தக் குலைவு நச்சு ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்கி மென்சவ்வுகளைக் கிழிக்கும். அதனால் இந்த மருந்து வெயில் நாளில் நன்றாக வேலை செய்யும், மூட்டமான நாளில் மந்தமாகும்.

காற்றில் துளி பறந்து தேயிலையில் பட்டால் எந்த மருந்து என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். குளுபொசினேட் செடிக்குள் அதிகம் நகராது. துளி விழுந்த இடம் மட்டும் சில நாளில் பழுப்பாகக் கருகும், பக்கத்து இலை பச்சையாகவே இருக்கும். கிளைபொசேட் பட்ட இலையில் அன்று ஒன்றும் தெரியாது. அது உள்ளே ஓடி வளரும் நுனிக்குப் போய்ச் சேரும். வாரக்கணக்கில் கழித்து வரும் புதுக்கொழுந்துதான் ஒடுங்கி, மஞ்சளோடி, நூல் மாதிரி வரும்.